காற்றாடியைக் கடைசியாக வாங்குங்கள்

குளியலறைச் சுவரின் மூலையில் கறுப்புப் புள்ளிகள் தோன்றியதும் வீட்டில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். முதலில் யாராவது ஒருவருக்குத் திட்டு விழும். பெரும்பாலும் அம்மாவுக்கு, இல்லாவிட்டால் வீட்டு வேலையில் அம்மாவுக்குத் துணைநிற்கும் அக்காவுக்கு. "ஒழுங்காகக் கழுவினால் இப்படி ஆகுமா?" என்ற கேள்வி வரும். சனிக்கிழமை ஒரு போத்தல் குளோராக்ஸ் வாங்கித் தேய்ப்பார்கள். சில வாரங்களில் புள்ளிகள் அதே மூலையில் திரும்ப முளைக்கும். அடுத்து அப்பா ஈப்போவுக்குப் போய் ஓர் எக்ஸாஸ்ட் காற்றாடி வாங்கி வருவார். அதைப் பொருத்திய பிறகும் புள்ளிகள் போகவில்லை என்றால், "மலிவு சாமான், அதான்" என்று இந்த முறை காற்றாடிக்குத் திட்டு விழும்.

மாணவர்களே, இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் கருத்து. முதலில் செய்ய வேண்டியது கணக்கு. காற்றாடி வாங்குவது கடைசி வேலை. திட்டுவதற்கு இதில் இடமே இல்லை. அந்தக் கணக்கு படிவம் ஒன்று மாணவர் போடக்கூடியதுதான். வீட்டில் மற்றவர்களுக்கு அதற்கு நேரம் இருக்காது, உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பூஞ்சணத்துக்கு என்ன வேண்டும்?

பூஞ்சணத்தின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கு அளவுதான் ஒவ்வொன்றும் இருக்கும். அவை காற்றில் எல்லா இடத்திலும் மிதக்கின்றன; எந்த வீட்டையும் அவை நுழையாதபடி பூட்ட முடியாது. நுழைந்தபின் அவற்றுக்கு மூன்று தேவைகள்: உணவு, வெப்பம், நீர்.

உணவுக்குச் சவர்க்கார அழுக்கும் நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளும் போதும். சுவர்ச் சாயத்தைக் கூடச் சில வகைகள் தின்னும். வெப்பத்தைப் பொறுத்தவரை, 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் அவற்றில் பலவற்றுக்கு மிகவும் பிடித்த அளவு. லகாட்டில் ஆண்டு முழுவதும் அதுதான் இருக்கிறது. ஆக, உணவையும் வெப்பத்தையும் நாம் நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பது நீர் ஒன்றுதான்.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய எண் 80. சுவரை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து சில நாள்கள் இருந்தால், பெரும்பாலான வீட்டுப் பூஞ்சணங்கள் முளைக்கத் தொடங்கும். 'தொடர்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் சில மணி நேரமாவது சுவர் நன்றாகக் காய்ந்தால் அந்த வளர்ச்சி தடைபடும். குளியலறை நனைவது குற்றமல்ல. நனைவதற்குத்தான் அது இருக்கிறது. அடுத்த முறை நனைவதற்குள் அது காய்கிறதா என்பதே கேள்வி.

லகாட் காற்றும் லண்டன் காற்றும்

லகாட் நமக்குத் தெரிந்த ஊர். ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் வழியில், மெங்லெம்புவுக்குத் தெற்கே இருக்கிறது. ஒரு பக்கம் கிளேடாங் மலைத்தொடர், கிழக்கே தூரத்தில் தித்திவங்சா மலைத்தொடர், நடுவில் பழைய ஈயச் சுரங்கங்கள் குளங்களாகிப்போன கிந்தா பள்ளத்தாக்கு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பகுதி. விடியற்காலையில் வெளிக்காற்றின் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். மழை இல்லாத நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு அது 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும்.

இந்த இரண்டு எண்களும் ஏன் முக்கியம்? காற்றாடி பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் வெளியே 5 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடாக இருந்தாலும் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 6 கிராம் நீராவிதான் இருக்கும். குளிர்ந்த காற்றால் அதற்கு மேல் தாங்க முடியாது. அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஒப்பு ஈரப்பதம் 35 விழுக்காடாகிவிடும். அதனால் ஒவ்வொரு கன மீட்டரும் ஏறக்குறைய 11 கிராம் நீரைக் குடிக்கத் தயாராக இருக்கும். அங்கே காற்றாடியைப் போட்டால் எந்த நேரத்திலும் அது காய்ந்த காற்றைத்தான் உள்ளே இழுக்கும்.

லகாட்டில் அதிகாலையில் என்ன நிலை? 25 டிகிரியில், 95 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏற்கெனவே சுமார் 22 கிராம் நீராவி இருக்கும். அது இன்னும் 1 கிராம் அளவுதான் ஏற்றுக்கொள்ளும். பிற்பகலில் 32 டிகிரி, 60 விழுக்காடு என்றால் நிலை மாறும். கணக்கின்படி ஒரு கன மீட்டர் காற்று இன்னும் 13 கிராம் வரை ஏற்கும். நீர் ஆவியாகும்போது காற்று குளிர்ந்துவிடுவதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. அதில் பாதி கிடைத்தாலும் விடியற்காலையைவிட ஆறு மடங்கு அதிகம்.

ஒரே காற்றாடி, ஒரே மின்சாரம், ஒரே சுவர். போடும் நேரத்தைப் பொறுத்துப் பலன் இத்தனை மடங்கு மாறுகிறது. காற்றாடிப் பெட்டியில் இந்த உண்மை எழுதப்பட்டிருக்காது.

ஒரு குளியலறையின் கணக்கு

இப்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள குளியலறையை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 7.5 கன மீட்டர்.

27 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறக்குறைய 26 கிராம் நீராவியைத் தாங்கும். அப்படியானால் முழுக் குளியலறைக் காற்றும் சேர்ந்து தாங்கக்கூடியது 195 கிராம். நீங்கள் குளிக்கும் முன்பே காற்று 80 விழுக்காடு நிறைந்திருந்தால், அது இன்னும் சுமார் 40 கிராம்தான் ஏற்கும். மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் கூட இல்லை.

குளித்து முடித்தபின் தரையிலும் சுவரிலும் எவ்வளவு நீர் நிற்கிறது? 3 சதுர மீட்டர் தரையில் 0.3 மில்லிமீட்டர் கனத்தில் நீர் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 900 மில்லிலிட்டர். நனைந்த சுவர் 4 சதுர மீட்டர், அதில் 0.1 மில்லிமீட்டர் என்றால் இன்னும் 400 மில்லிலிட்டர். மொத்தம் 1,300 மில்லிலிட்டர். காற்று ஏற்கக்கூடிய 40 கிராமை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரச்சினை காற்றில் இருக்கும் ஆவியைவிடத் தரையில் நிற்கும் தண்ணீரில்தான் அதிகம்.

மணிக்கு 80 கன மீட்டர் காற்றை வெளியேற்றும் காற்றாடி ஒன்றைப் போடுவோம். பிற்பகலில் அது மணிக்கு அதிகபட்சம் 80 பெருக்கல் 13, அதாவது 1,040 கிராம் நீரை எடுத்துச் செல்லும். ஒன்றரை மணி நேரத்துக்குள் அறை காயலாம். பாதி வேகம் என்றால் இரண்டரை மணி நேரம். விடியற்காலையில் அதே காற்றாடி மணிக்கு 80 கிராம்தான் எடுக்கும். 1,300 கிராமுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

இப்போது இந்தக் கணக்கில் இன்னொரு கருவியைச் சேர்ப்போம். கண்ணாடி துடைக்கப் பயன்படும், ரப்பர் விளிம்பு வைத்த துடைப்பான். சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். கடைசியாகக் குளிப்பவர் சுவரையும் தரையையும் அதனால் ஒரு நிமிடம் வழித்து, நீரைச் சாக்கடைத் துளைக்குத் தள்ளினால் ஒரு லிட்டர் போய்விடும். மிச்சம் 300 கிராம். பிற்பகலில் அரை மணி நேர வேலை. மின்சாரமே இல்லாத அந்தத் துடைப்பான் ஒரு நிமிடத்தில் செய்வதை, விடியற்காலைக் காற்றாடி பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும் செய்யாது.

நம் வீடுகளில் எப்போது குளிக்கிறோம் என்பதையும் யோசியுங்கள். பள்ளி பேருந்து வருவதற்குள், ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள், நாலைந்து பேர் வரிசையாகக் குளிக்கிறார்கள். காற்று மிகவும் ஈரமாக இருக்கும் நேரம் அதுதான். பிறகு எல்லாரும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். காற்று காய்ந்திருக்கும் பிற்பகலில் குளியலறை பூட்டிய வீட்டுக்குள், மூடிய கதவுக்குப் பின்னால் ஈரமாகவே கிடக்கிறது. மாலையில் மறுபடியும் குளியல். சுவருக்குக் காய நேரமே கிடைப்பதில்லை. இதில் அம்மாவின் தவறு எங்கே இருக்கிறது?

ஜன்னலை மூடியது யார்?

நம் தாத்தா பாட்டி இருந்த தோட்டத்து லயன் வீடுகளை யாரும் வசதியான வீடுகள் என்று சொல்லமாட்டார்கள். நான் அவற்றைப் போற்றவில்லை. ஆனால் குளிக்கும் இடம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, குழாயடியில் இருந்தது. வெயில் நேராகப் பட்டது. ஈப்போ பழைய நகரத்துக் கடைவீடுகளைப் பார்த்தால், நீளமான கட்டடத்தின் நடுவில் வானம் தெரியும் திறந்த முற்றம் ஒன்று இருக்கும். வெளிச்சமும் காற்றும் வர அதைக் கட்டியவர்கள் விட்ட வழி அது.

இன்றைய வீடுகளுக்கும் சட்டம் வழி விட்டிருக்கிறது. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைச்சட்டங்களில் 39ஆவது விதி, ஒவ்வொரு குளியலறைக்கும் கழிவறைக்கும் காற்று தடையின்றிப் போய்வர 0.2 சதுர மீட்டருக்குக் குறையாத திறப்பு வேண்டும் என்கிறது. 50 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு ஜன்னல் அளவு. அப்படி இயற்கைக் காற்று தர முடியாத இடத்தில் நிரந்தர இயந்திரக் காற்றோட்டம் வைக்கலாம் என்று 41ஆவது விதி வழிசெய்கிறது. சட்டத்தின் பார்வையில் காற்றாடி அலங்காரப் பொருள் அல்ல. இழந்த ஜன்னலுக்கு ஈடு.

பிறகு ஜன்னல் எங்கே போனது? உங்கள் தாமானில் வரிசை வீடுகளின் பின்புறத்தைப் போய்ப் பாருங்கள். சமையலறை போதவில்லை என்று பின்பக்கத்தை நீட்டிக் கட்டியிருப்பார்கள். முன்பு வெளியே பார்த்திருந்த குளியலறையின் நாக்கோ ஜன்னல் இப்போது புதிய சமையலறைக்குள் திறக்கும். சமையல் வாடை வருகிறது, குளிப்பது தெரிகிறது என்று அதையும் பலகை வைத்து அடைத்திருப்பார்கள். காகிதத்தில் ஜன்னல் இருக்கிறது. காற்றுக்கு வழி இல்லை.

ஆகவே காற்றாடி வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கள் குளியலறையின் 0.2 சதுர மீட்டர் எங்கே?" என்பது. வெளியே பார்க்கும் ஜன்னல் இருந்து, அதை யாரும் திறப்பதில்லை என்றால், அதைத் திறந்து வைப்பதே முதல் மருத்துவம். அடைத்த பலகையை எடுக்க முடிந்தால் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டை நீட்டிக் கட்டத் திட்டமிட்டிருந்தால், ஊராட்சி மன்றத்தின் அனுமதிக்கு வரைபடம் போடும்போதே குளியலறைக் காற்று எந்த வழியாக வெளியேறும் என்று கேளுங்கள். கட்டி முடித்தபின் கேட்டால் செலவு அதிகம்.

குளிர்ந்த சுவர்

சில வீடுகளில் ஜன்னலும் இருக்கும், காற்றாடியும் இருக்கும். இருந்தும் ஒரே ஒரு சுவரில் மட்டும் பூஞ்சணம் பிடிக்கும். அந்தச் சுவரின் மறுபக்கம் என்ன என்று பாருங்கள். குளிரூட்டி ஓடும் படுக்கையறையாக இருக்கலாம்.

மிலோ ஐஸ் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் மிலோ கசியவில்லை. வெளிக்காற்றில் உள்ள நீராவிதான் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிகிறது. எந்த வெப்பநிலையில் அப்படிப் படியத் தொடங்குமோ அதற்குப் பனிப்புள்ளி என்று பெயர். நம் ஊர்க் காற்றின் பனிப்புள்ளி பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டி இருக்கும். படுக்கையறையை இரவு முழுவதும் 18 அல்லது 20 டிகிரியில் வைத்தால், குளியலறைப் பக்கச் சுவர் அந்தப் புள்ளிக்குக் கீழே இறங்கி, மிலோ கிண்ணம்போல் வியர்க்கும். யாரும் குளிக்காமலேயே சுவர் நனையும். குளிரூட்டியை 25 டிகிரிக்கு ஏற்றுவதுதான் இதற்கு மருந்து. மின்கட்டணமும் குறையும்.

இந்த மாதிரி அறையில் குளியலறைக் காற்றாடியை இரவு முழுவதும் ஓடவிடுவது கெடுதல். அது படுக்கையறையின் காய்ந்த குளிர்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வெளியிலிருந்து ஈரக்காற்று படுக்கையறைக்குள் வரும். குளியலறைப் பிரச்சினை துணி அலமாரிக்கு இடம் மாறும்.

இப்போது கடைக்குப் போகலாம்

இத்தனையும் பார்த்தபின் காற்றாடி தேவை என்று தெரிந்தால் வாங்குங்கள். கடையில் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை வெளியேற்றும் என்ற எண். அறையின் காற்று மணிக்குப் பத்து முறை மாற வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. நம் 7.5 கன மீட்டர் அறைக்கு 75. ஆகவே 80 முதல் 100 வரை உள்ளது போதும். சில பெட்டிகளில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று போட்டிருக்கும். அதை 1.7ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். வாட் எண் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று சொல்லாது.

இரண்டாவது, காற்று எங்கே போகிறது? சுவரில் துளையிட்டு நேராக வெளியே தள்ளும் சாதாரண இறக்கைக் காற்றாடி மலிவானது, நல்லது. ஆனால் அதை நீண்ட குழாயில் இணைத்தால் காற்று பாதியிலேயே தளர்ந்துவிடும். குழாய்க்கென்றே செய்யப்பட்ட வகை வேறு. எல்லாவற்றையும்விட மோசமானது, மேற்கூரைக்கும் உள்கூரைப் பலகைக்கும் இடையில் காற்றைத் தள்ளிவிட்டுப் போவது. அப்படிப் பொருத்தினால் பூஞ்சணம் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளரும். குழாய் வீட்டுக்கு வெளியே போய்த்தான் முடிய வேண்டும்.

மூன்றாவது, காற்று எங்கிருந்து வருகிறது? வெளியேறும் அளவுக்கு உள்ளே வராவிட்டால் காற்றாடி வெறுமனே சுழலும். கதவுக்கு அடியில் 2 சென்டிமீட்டர் இடைவெளியோ, கதவின் கீழ்ப்பகுதியில் சட்டத் திறப்போ வேண்டும். காற்றாடி கதவுக்கு எதிர்ப்புறம், கூரைக்கு அருகில் இருக்கட்டும். அப்போதுதான் காற்று அறை முழுவதையும் கடந்து போகும். காற்றாடிக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால், அந்த ஜன்னலில் வரும் காற்றே உடனே வெளியேறும். தரை அப்படியே ஈரமாகக் கிடக்கும்.

நான்காவது, நேரம். ஈரத்தை உணர்ந்து தானாக ஓடும் காற்றாடிகள் விலை அதிகம். ஈரப்பதம் 60 அல்லது 70 விழுக்காட்டுக்கு இறங்கினால் நிற்கும்படி அவற்றை அமைப்பார்கள். லகாட்டின் இரவில் அந்த எண் வரவே வராது. காற்றாடி விடியவிடிய ஓடும். நான் பணம் கொடுப்பதானால் சாதாரண டைமர் சுவிட்சுக்குக் கொடுப்பேன். குளித்தவுடன் அரை மணி நேரம் ஓட வேண்டும். சுடுநீரில் குளித்தால் அறைக்காற்று வெளிக்காற்றைவிடச் சூடாகவும் ஆவி நிறைந்தும் இருக்கும், அதை உடனே வெளியேற்றுவதில் இரவிலும் பலன் உண்டு. பிறகு, வீட்டில் யாரும் இல்லாத காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை ஓட வேண்டும். பிற்பகல் மழை இறங்குவதற்கு முன் கிடைக்கும் காய்ந்த நேரம் அது. 20 வாட் காற்றாடி நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 2.4 யூனிட் மின்சாரம்தான்.

ஐந்தாவது, பாதுகாப்பு. குளியலறையில் தண்ணீர் தெறிக்கும். தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட காற்றாடியாகவும், சிரிம் முத்திரை உள்ளதாகவும் பாருங்கள். மின்கம்பி வேலையைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். அதை நீங்களோ அப்பாவோ முயல வேண்டாம்.

வாடகை அடுக்குமாடி வீட்டில் சுவரில் துளையிட முடியாது என்றால்? துடைப்பானும் திறந்த கதவும் இருக்கின்றன. பிற்பகலில் ஒரு மணி நேரம், குளியலறைக்கு வெளியே காய்ந்த தரையில் மேசைக் காற்றாடியை வைத்து உள்நோக்கி வீசவிடுங்கள். காற்றாடியும் அதன் கம்பியும் ஈரத்தரைக்குள் போகவே கூடாது.

ஏற்கெனவே இருக்கும் பூஞ்சணத்தைத் துடைக்கத்தான் வேண்டும். கையுறை, முகக்கவசம் போட்டு, கதவைத் திறந்து வைத்துத் துடையுங்கள். குளோராக்ஸுடன் கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு கிளம்பும்.

பழி போடும் பழக்கம்

ஒரு மூலையில் சில கறுப்புப் புள்ளிகள், இதற்கு இத்தனை கணக்கா என்று கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஈரமும் பூஞ்சணமும் பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஈரமான, பூஞ்சணம் பிடித்த வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா போன்றவை அதிகம் காணப்படுவதை அது எடுத்துச் சொன்னது. இவ்வளவு பூஞ்சணம் வரை பரவாயில்லை என்று பாதுகாப்பான அளவு எதையும் அது குறிக்கவில்லை. ஈரத்தையே தடுக்க வேண்டும் என்றது.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில், 2020 டிசம்பரில், அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தான். அவன் பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். அவர்கள் இருந்த சிறிய வாடகை வீட்டில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. 2017இலேயே தந்தை புகார் செய்திருந்தார். அதன்மேல் சாயம் பூசிக்கொள்ளுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. குடும்பத்தின் வாழ்க்கை முறையே காரணம் என்று தாங்கள் நினைத்துவிட்டதாக வீட்டு நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். நீண்ட காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக்கோளாறே மரணத்துக்குக் காரணம்; அந்தப் பூஞ்சணம் வளர்ந்தது எல்லா வீட்டிலும் நடக்கும் அன்றாடப் புழக்கத்தாலும் போதிய காற்றோட்டம் இல்லாததாலும்தான் என்றார். இப்போது அங்கே அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு சட்டம் இருக்கிறது. ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் வாடகைக்கு விடும் சமூக வீட்டு நிறுவனங்கள் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று, 2025 அக்டோபர் முதல் அது கட்டாயப்படுத்துகிறது.

நம் வீட்டு மூலையில் உள்ள புள்ளிகள் அந்த அளவுக்குப் போய்விடும் என்று உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அங்கே மூன்று ஆண்டுகள் வீணானதற்குக் காரணம், காற்றோட்டத்தை அளக்க வேண்டிய இடத்தில் மனிதர்களை எடைபோட்டது. "கழுவுவதில்லை" என்று அம்மாவைச் சொல்லும்போது நாமும் சிறிய அளவில் அதையே செய்கிறோம். திட்டு எந்தச் சுவரையும் காயவைத்ததில்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ள தம்பியோ பாட்டியோ இருந்தால், திட்டுவதில் போகும் ஒவ்வொரு வாரமும் அவர்களுடைய நெஞ்சுக்குச் சுமை.

இந்த வாரம் இதைச் செய்யுங்கள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய மின்னணு மானி ஒன்றை வாங்கவோ, பள்ளி அறிவியல் கூடத்தில் இரவல் கேட்கவோ பாருங்கள். காலை ஏழு, பிற்பகல் மூன்று, இரவு பத்து என மூன்று நேரமும் குளியலறை எண்ணையும் வெளிக்காற்று எண்ணையும் ஏழு நாளுக்கு எழுதுங்கள். ஏற்கெனவே காற்றாடி இருந்தால், அதை ஓடவிட்டு ஒரு மெல்லிய திசுத்தாளை அதன் முகப்பில் வைத்துப் பாருங்கள். ஒட்டி நிற்காவிட்டால் காற்று போகவில்லை. கதவை மூடிக்கொண்டு, அடி இடுக்கில் ஓர் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். நாலாம் நாளிலிருந்து துடைப்பானைப் பயன்படுத்தி, எண்கள் மாறுகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

ஏழாம் நாள் அந்தத் தாளை அப்பாவிடம் காட்டுங்கள். காற்றாடி தேவையா, தேவை என்றால் எத்தனை கன மீட்டர், எந்தச் சுவரில், எந்த நேரத்தில் என்பதற்கெல்லாம் பதில் அதில் இருக்கும். சில வீடுகளில் ஒரு துடைப்பானும் திறந்த ஜன்னலும் போதும் என்று வரும். காற்றாடிக்கு ஒதுக்கிய பணம் மிச்சம். எந்தப் பதில் வந்தாலும் அந்தத் தாளை அம்மாவுக்கும் காட்டுங்கள்.